ஹார்ட் டாப்பைக் கழற்றி ஷெட் கூரையில் தூக்கி வைப்பது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

ஜீப்பில் ஃபைபர் ஹார்ட் டாப் (கெட்டியான மேல்மூடி) போட்டிருப்பவர்கள் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் தெரியும். மார்கழி, தை மாதத்துக் காலைக் குளிரில் டாப் இல்லாமல் ஆனைமலைப் பக்கமோ சிறுவாணிச் சாலையிலோ ஒரு சுற்றுப் போய்வர ஆசையாக இருக்கும். ஆனால் கழற்ற நாலு ஆள் வேண்டும். கழற்றியதை வைக்க இடம் வேண்டும். திரும்ப மாட்ட அதே நாலு பேரைக் கூப்பிட வேண்டும். இந்தத் தொல்லையால் பலருடைய டாப் வருடக்கணக்கில் வண்டி மேலேயே கிடக்கிறது.

ஷெட் கூரையில் ஒரு ஹாய்ஸ்ட் (பாரம் தூக்கும் கருவி) அமைத்துவிட்டால் இரண்டு பேர் அரை மணி நேரத்தில் கழற்றிவிடலாம். இதைச் செய்ய நான் இறங்கியபோது நம் ஊர் வீட்டுக்குப் பொருந்தும்படி வழி சொல்ல ஆள் கிடைக்கவில்லை. வீடியோவில் காட்டுவதெல்லாம் அமெரிக்க கராஜ்கள். அங்கே கூரைக்குள் மர உத்தரம் ஓடுகிறது, அதில் பெரிய ஸ்க்ரூவை முறுக்கினால் பிடித்துக்கொள்ளும். நமக்கு இருப்பது கான்கிரீட் தளம், இல்லையென்றால் இரும்பு ஷீட். அந்த முறையை இங்கே அப்படியே செய்தால் ஆபத்து. சிவில் இன்ஜினியர், வெல்டிங் பட்டறை, போர் மோட்டார் தூக்குகிறவர்கள் என்று பலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை வரிசைப்படி எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்கள் ஹாய்ஸ்ட்டை வாங்கிவிட்டு, அப்புறம்தான் அதை எங்கே மாட்டலாம் என்று அண்ணாந்து பார்க்கிறார்கள். கூரையைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.

1. உங்கள் டாப் கழற்றக் கூடியதா, ஆர்சி என்ன சொல்கிறது?

பழைய மஹிந்திரா தார், எம்எம் 540 போன்ற வண்டிகளில் வெளியே செய்து போட்ட ஃபைபர் டாப் போல்ட்டில்தான் நிற்கிறது. ஜீப் ராங்லரில் கம்பெனியே கழற்றி மாட்டும்படி செய்து கொடுக்கிறது. இந்த இரண்டு வகைக்கும் இந்தக் கட்டுரை பொருந்தும். 2020-இல் வந்த புதிய தாரின் ஹார்ட் டாப் அடிக்கடி கழற்றி மாட்டுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதைத் தொடாதீர்கள்.

ஆர்சியில் பாடி வகை என்னவென்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. சாஃப்ட் டாப்பாகப் பதிவான வண்டியில் ஃபைபர் டாப் போட்டிருந்தால், ஹாய்ஸ்ட்டுக்குச் செலவு செய்வதற்கு முன்பே உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் நிலவரத்தைக் கேட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ் பாலிசியில் மின்சாரம் சாராத துணைப் பொருள்கள் என்று ஒரு கட்டம் இருக்கும். டாப்பின் மதிப்பு அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாத பொருளுக்கு கிளைம் கேட்க முடியாது.

2. எடை போடுங்கள்

"ஐம்பது கிலோ இருக்குமுங்க" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். நம்ப வேண்டாம். ஃபைபர் டாப்பின் எடை செய்தவரின் கையைப் பொறுத்தது. எத்தனை அடுக்கு ஃபைபர் மேட் போட்டார், உள்ளே இரும்புச் சட்டம் வைத்தாரா, பக்கக் கண்ணாடி எத்தனை என்று ஒவ்வொன்றும் எடையைக் கூட்டும். நாலு கதவு ராங்லரின் டாப் முழுதாக 65 கிலோவை ஒட்டி வரும்.

இதற்கு லாரி எடை மேடை உதவாது, ஐந்து பத்து கிலோ வித்தியாசம் அதில் தெரியாது. தேங்காய்க் களத்திலோ நூல் குடோனிலோ இருக்கும் பிளாட்பாரத் தராசு போதும். தராசின் மேல் இரண்டு பலகை போட்டு, டாப்பை வைத்து, பலகையின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். பின் கதவு டாப்போடு கீல் போட்டு இணைந்திருந்தால் அதைக் கழற்றிவிட்டு எடை போடுங்கள், தூக்கும்போதும் கழற்றிவிட்டே தூக்குங்கள். கண்ணாடிக் கதவு போனாலே எடை கணிசமாகக் குறையும்.

நாலு ஆள் வந்திருக்கும் அன்றே இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். தரையில் ஒரு குழாயைக் குறுக்கே போட்டு அதன் மேல் டாப்பை வைத்து, முன்னும் பின்னும் நகர்த்தி, எந்த இடத்தில் சமமாக நிற்கிறது என்று பார்த்துச் சாக்பீஸால் கோடு போடுங்கள். பின்பக்கச் சுவரும் கண்ணாடியும் இருப்பதால் இந்தக் கோடு நடுவிலிருந்து பின்னால் தள்ளித்தான் விழும். இந்தக் கோடு இல்லாமல், டாப்பைப் பிடித்துத் தூக்கும் இரும்பு ஃபிரேமைச் செய்தால் தூக்கும்போது டாப் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

3. கூரை எந்த வகை?

இந்தப் படிக்குத்தான் நேரம் அதிகம் கொடுக்க வேண்டும்.

கான்கிரீட் தளம்: டாப், ஃபிரேம், செயின் பிளாக் (கையால் சங்கிலியை இழுத்துத் தூக்கும் கருவி) எல்லாம் சேர்த்து நூறு கிலோவை ஒட்டி வரும். ஒழுங்காகக் கட்டிய தளத்துக்கு அது பெரிய பாரமல்ல. தளத்தில் அதை எப்படிப் பிடிக்க வைக்கிறோம் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. கீழிருந்து ட்ரில் போட்டு ஆங்கர் போல்ட்டை ஏற்றித் தொங்கவிட்டால், பாரம் எப்போதும் அந்த போல்ட்டை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். ஓட்டையில் தூசி மிச்சம் இருந்தாலோ பூச்சிலேயே பிடித்திருந்தாலோ ஒரு நாள் கையோடு வந்துவிடும். மேஸ்திரி "ஏனுங்க, ஃபேன் கொக்கி இருக்குதுல்ல, அதுலயே மாட்டிக்கலாமுங்க" என்பார். கூடாது. அது ஃபேனுக்குப் போட்டது.

தளத்தை முழுக்கத் துளைத்து, மொட்டை மாடியில் ஒரு இரும்புத் தகடு வைத்து நட்டுப் போடும் முறை பலமானதுதான். ஆனால் மேலே தட்டோடு போட்டிருந்தால் நீர்க்காப்பு உடையும், ஐப்பசி மழையில் ஷெட்டுக்குள் சொட்டும். அந்த முறைதான் வேண்டுமென்றால் வாட்டர்ப்ரூஃப் வேலைக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

தளத்தைத் தொடாமல், ஷெட்டின் இரண்டு பக்கச் சுவர்களின் மேல் குறுக்காக ஒரு ஐ பீம் (ஆங்கில I வடிவ இரும்பு உத்தரம்) போடுவதுதான் என் தேர்வு. 100 மி.மீ. உயரமுள்ள ஐ பீம், 12 அடி அகலத்துக்கு, இந்தப் பாரத்தைத் தாராளமாகத் தாங்கும். நடுவில் வளைவு சில மில்லிமீட்டர்தான் இருக்கும். சுவர் 9 அங்குலச் செங்கல் சுவராக இருக்க வேண்டும். பீமின் முனை குறைந்தது 6 அங்குலம் சுவருக்குள் உட்கார வேண்டும், அதற்குக் கீழே கான்கிரீட் கட்டை போட வேண்டும். ஹாலோ பிளாக் சுவரிலும் நாலரை அங்குலச் சுவரிலும் இதைச் செய்யக் கூடாது.

தூண் இல்லாமல் வெளியே நீட்டிய போர்டிகோ: விட்டுவிடுங்கள். அந்தத் தளம் சுவர்ப்பக்கம் மட்டும் பிடித்து நிற்கிறது. முனையில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் வேர்ப்பகுதியை முறிக்கப் பார்க்கும்.

ஷீட் கூரை: பல்லடம், சோமனூர்ப் பக்கத்துத் தறிக் குடோன் மாதிரி ட்ரஸ் (முக்கோணக் குழாய்ச் சட்டம்) போட்ட ஷெட் பலரிடம் இருக்கிறது. அந்தச் சதுரக் குழாய்கள் ஷீட்டின் எடையையும் காற்றையும் மனதில் வைத்துப் போட்டவை. நடுவில் பாரம் தொங்கவிட்டால் குழாய் வளையும். கூரையைத் தொடாமல் தனியாக ஒரு இரும்புச் சட்டம் நிறுத்துங்கள்: பக்கத்துக்கு இரண்டு கால், மேலே பீம், கீழே தகடு வைத்துத் தரையில் போல்ட். வாடகை வீட்டுக்கும் இதுதான் சரி. காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போகலாம்.

ஓட்டு வீடு: பழைய மர உத்தரத்தில் கறையான் உள்ளே எவ்வளவு தின்றிருக்கிறது என்பது வெளியே தெரியாது. இங்கேயும் தனிச் சட்டம்தான்.

எந்த வகையானாலும் ஒரு சிவில் இன்ஜினியரை ஒருமுறை கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். நான் விசாரித்தபோது ஒரு வருகைக்கு 2,000 முதல் 5,000 ரூபாய் வரை சொன்னார்கள். வீட்டு வரைபடம், குறிப்பாகக் கம்பி விவரம் உள்ள தாள் இருந்தால் எடுத்து வையுங்கள், அவர் வேலை பாதி குறையும். வாய்ப்பேச்சோடு விடாமல், எந்த பீம், எங்கே உட்கார வேண்டும், எத்தனை கிலோ தாங்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு வீட்டு உரிமையாளரோ அப்பார்ட்மெண்ட் சங்கமோ கேட்டால் காட்டுவதற்கு அந்தத் தாள்தான் ஆதாரம். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

4. உயரக் கணக்கு, வண்டி நிற்கும் திசை

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. உயரம் போதாது என்று பலர் திட்டத்தையே கைவிடுவது இந்த இடத்தில்தான். பெரும்பாலும் உயரம் போதும். வண்டியைத்தான் திருப்பி நிறுத்த வேண்டும்.

டாப்பின் வடிவத்தைப் பாருங்கள்: மேலே கூரை, இரண்டு பக்கச் சுவர், பின்னால் ஒரு சுவர். முன்னால் சுவர் கிடையாது, அங்கே இருப்பது வண்டியின் கண்ணாடிச் சட்டம். மூக்கு உள்ளே பார்க்க வண்டியை நிறுத்தினால், டாப்பைத் தூக்கிய பிறகு ரிவர்ஸில்தான் வெளியே வர வேண்டும். அப்போது ரோல் பாரும் (இருக்கைகளுக்கு மேல் வளைந்து நிற்கும் பாதுகாப்புக் குழாய்) கண்ணாடிச் சட்டமும் டாப்பின் பின்சுவருக்குக் கீழே நுழைந்து வர வேண்டும். அதற்கு டாப்பின் முழு ஆழத்துக்கும், அதாவது இரண்டடிக்கு மேல், தூக்கியாக வேண்டும்.

வண்டியை ரிவர்ஸில் ஏற்றி, மூக்கு வாசலைப் பார்க்க நிறுத்துங்கள். இப்போது வண்டி முன்னோக்கி நகரும். ரோல் பார் டாப்பின் திறந்த முன்பக்கம் வழியாகவே வெளியே போய்விடும். டாப்பின் கீழ் விளிம்பு வண்டித் தொட்டியின் (டாப் உட்காரும் கீழ் பாடி) பக்கத்தையும், பின்னால் தொங்கும் ஸ்டெப்னியையும் தாண்டினால் போதும். பெரும்பாலான வண்டிகளுக்கு இது ஒன்றேகால் அடி, ஒன்றரை அடிக்குள் முடிந்துவிடும்.

கணக்காகப் பார்ப்போம். டாப்போடு வண்டியின் உயரம் 6 அடி 3 அங்குலம் என்று வையுங்கள். 16 அங்குலம் தூக்கினால் டாப்பின் மேல்பக்கம் 7 அடி 7 அங்குலத்தில் நிற்கும். ஃபிரேம், ஷாக்கிள் (முள் போட்டுப் பூட்டும் யு வடிவ இரும்பு வளையம்), சுருங்கிய நிலையில் செயின் பிளாக் எல்லாம் சேர்ந்து ஒன்றரை அடி. மொத்தம் 9 அடி 1 அங்குலம். 10 அடித் தளத்தை ஒட்டி 4 அங்குல பீம் போட்டால் அதன் அடிப்பக்கம் 9 அடி 8 அங்குலத்தில் இருக்கும். தாராளமாக இடம் இருக்கிறது. இதே வண்டியை மூக்கு உள்ளே நிறுத்தினால் 26 அங்குலம் தூக்க வேண்டும், மொத்தம் 9 அடி 11 அங்குலம். பீமில் முட்டும்.

உங்கள் அளவுகளை டேப் வைத்து நீங்களே எடுங்கள். தளத்துக்குக் கீழே இறங்கிய கான்கிரீட் பீம், ரோலிங் ஷட்டரின் சுருள், டியூப்லைட் மூன்றையும் மறக்காமல் பாருங்கள். செயின் பிளாக் வாங்கும்போது இரண்டு கொக்கிகளுக்கும் இடையே மிகக் குறைந்த தூரம் எவ்வளவு என்று கேளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். 10 அடிக் கூரைக்கு இரண்டு அங்குலம் கூட முக்கியம்.

5. எதை வைத்துத் தூக்குவது?

அரை டன் கை செயின் பிளாக் என்பது என் உறுதியான கருத்து. சங்கிலியை விட்டால் பாரம் அந்த இடத்திலேயே நிற்கும், அதற்கான பிரேக் உள்ளேயே இருக்கிறது. கரண்ட் வேண்டாம். ரிப்பேருக்கு எந்த ஊரிலும் ஆள் உண்டு. நல்ல கம்பெனியின் புதுப் பொருள் 5,000 முதல் 9,000 ரூபாய்க்குள் கிடைக்கும். கோவையில் டாக்டர் நஞ்சப்பா சாலைப் பக்கம் மிஷினரிக் கடைகளில் விசாரியுங்கள். ஈரோட்டிலும் திருப்பூரிலும்கூடக் கிடைக்கும். ஜிஎஸ்டி பில்லும், சீரியல் எண் உள்ள டெஸ்ட் சர்டிபிகேட்டும் கேட்டு வாங்குங்கள். பிளாக்கில் பொறித்த எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சர்டிபிகேட் தர மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

மூடிய ஃபவுண்டரியிலிருந்து வந்த பழைய செயின் பிளாக் பாதி விலைக்குக் கிடைக்கும், ஆசையாகவும் இருக்கும். கொக்கியின் வாய் அகன்றிருக்கிறதா, சங்கிலிக் கண்ணி தேய்ந்து நீண்டிருக்கிறதா, கொக்கியின் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று சரியில்லை என்றாலும் வேண்டாம்.

சின்ன மின் ஹாய்ஸ்ட் 8,000 முதல் 12,000 ரூபாய்க்கு வருகிறது. வேலை வேகமாக நடக்கும். ஆனால் அது சட்டென்று இழுக்கும். ஃபைபர் டாப்பின் ரப்பர் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் கை சங்கிலியில் உங்களுக்கு உடனே கனம் தெரியும், மோட்டாருக்குத் தெரியாது. விளிம்பு கிழிந்த பிறகுதான் நிறுத்துவீர்கள்.

நாலு கப்பி போட்டு, நாலு வயர் ரோப்பை ஒரு வளையத்தில் சேர்த்து, சுவரில் கை வின்ச் (ரோப்பைச் சுற்றி இழுக்கும் கருவி) வைக்கும் முறையும் உண்டு. உயரம் மிகக் குறைவான இடத்துக்கு அது பொருந்தும். அதைச் செய்தால் மூன்று விஷயத்தில் கவனம் வேண்டும். ரோப் 90 டிகிரி திரும்பும் இடத்தில், கப்பியைப் பிடித்திருக்கும் போல்ட்டில் ரோப்பின் இழுவையைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு பாரம் விழும். 6 மி.மீ. ரோப்புக்கு 4 அங்குலக் கப்பியாவது வேண்டும், சின்னக் கப்பியில் ரோப் சீக்கிரம் நார் நாராகப் பிரியும். வின்ச் தானியங்கி பிரேக் உள்ளதாக இருக்க வேண்டும். வெறும் பல்சக்கரத் தாழ்ப்பாள் மட்டும் உள்ள வின்ச்சில், இறக்கும்போது கைப்பிடி நழுவினால் அது சுழன்று மணிக்கட்டை உடைத்துவிடும். ரோப் முனையில் யு கிளாம்ப் மூன்று போடுங்கள், கிளாம்ப்பின் சேணப்பக்கம் பாரம் இழுக்கும் ரோப்பின் மேல் வர வேண்டும். மாற்றிப் போட்டால் பாரம் தாங்கும் ரோப்பே நசுங்கும்.

6. ஃபிரேமும் பிடிக்கும் இடமும்

40-க்கு 40 மி.மீ. சதுரக் குழாய், 2.5 மி.மீ. கனம். நீளவாட்டில் நடுக் குழாய் ஒன்று, அதன் இரண்டு முனையிலும் குறுக்குக் குழாய் ஒவ்வொன்று. குறுக்குக் குழாய் டாப்பின் அகலத்தைவிடப் பக்கத்துக்கு 2 அங்குலம் வெளியே நீள வேண்டும். இல்லையென்றால் பெல்ட் டாப்பின் பக்கவாட்டை அழுத்தும், பெயிண்ட் போகும், ஃபைபரில் மயிரிழை விரிசல் விடும். நடுக் குழாயின் மேல் ஒரு தகட்டைப் பற்றவைத்து அதில் வரிசையாக ஓட்டை போடச் சொல்லுங்கள். சாக்பீஸ் கோட்டுக்கு நேரே உள்ள ஓட்டையில் ஷாக்கிளை மாட்டினால் டாப் சமமாக ஏறும். கொஞ்சம் சாய்ந்தால் அடுத்த ஓட்டைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கூரை விளிம்பு, மழைநீர்க் காடி, கேரியர் இவற்றைப் பிடித்துத் தூக்காதீர்கள். வண்டித் தொட்டியோடு போல்ட் போடும் கீழ் விளிம்புதான் டாப்பின் பலமான பாகம். போல்ட்டைக் கழற்றிய அதே ஓட்டைகளில், பக்கத்துக்கு இரண்டாக நாலு எல் வடிவக் கொக்கியை போல்ட் போட்டு, அங்கிருந்து பெல்ட்டை ஃபிரேமுக்குக் கொண்டுபோங்கள். கொக்கிக்கும் ஃபைபருக்கும் நடுவே பழைய டியூப் ரப்பர் ஒரு துண்டு. பெல்ட்டுக்கு ஊதா நிற வெப் ஸ்லிங் வாங்குங்கள், அந்த நிறம் 1 டன்னுக்கு உரியது. கிணற்றுக் கயிறும் லாரிக் கயிறும் இந்த வேலைக்கு ஆகாது, அவை நீளும்.

குறிச்சி சிட்கோ, கணபதி, தடாகம் சாலைப் பக்கத்துப் பட்டறைகளில் இந்த ஃபிரேமை ஒரே நாளில் செய்துவிடுவார்கள். கேட் செய்யும் பட்டறையில் கொடுத்தால் வெல்டிங்கை முழுச் சுற்றும் ஓட்டச் சொல்லுங்கள். கேட்டுக்கு வைப்பதுபோல் நாலு புள்ளி வைத்துக் கொடுத்துவிடுவார்கள். கிரைண்டர் போட்டு வழுவழுப்பாக்கும் முன்பே வெல்டிங்கைப் பார்த்துவிடுங்கள், அப்புறம் எந்தக் குறையும் கண்ணுக்குத் தெரியாது.

7. செலவும் காலமும்

எங்கள் பகுதியில் நான் விசாரித்த விலை இது. ஐ பீம் 12 அடி, 33 முதல் 42 கிலோ, 2,500 – 3,500 ரூபாய். செயின் பிளாக் 5,000 – 9,000. ஃபிரேம் இரும்பு 1,200 – 2,000. பெல்ட், ஷாக்கிள், சங்கிலி 1,500 – 2,500. வெல்டிங் கூலி 3,000 – 5,000. மேஸ்திரி 1,500 – 2,500. இன்ஜினியர் 2,000 – 5,000. மொத்தம் 17,000-இலிருந்து 30,000 ரூபாய்க்குள் வரும். தனிச் சட்டம் நிறுத்துவதாக இருந்தால் கால்களுக்கும் தகடுகளுக்கும் இரும்பு கூடும். செலவைக் குறைக்கப் பார்ப்பவர்கள் செயின் பிளாக்கிலும் இன்ஜினியரிலும் குறைக்காதீர்கள். பெயிண்டை நீங்களே அடித்தால் போதும்.

ஆவணி மாதத்தில் தொடங்குங்கள். மேலே துளைக்கும் வேலை இருந்தால் வடகிழக்கு மழைக்கு முன்பே முடிந்துவிடும். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரமும் தீபாவளியைச் சுற்றியும் பட்டறையில் யாரும் சின்ன வேலையை எடுக்க மாட்டார்கள். பொங்கலுக்கும் அப்படித்தான். பீம் முனையைச் சுவரில் பூசிய பிறகு, கலவை இறுக ஒரு வாரம் விடுங்கள். மேஸ்திரி "நாளைக்கே மாட்டிக்கலாமுங்க" என்றாலும் சரி.

8. சோதனை

டாப்பை மாட்டும் முன்பே ஃபிரேமில் வேறு பாரத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள். டாப்பின் எடையைப்போல் ஒன்றரை மடங்கு வேண்டும். டாப் 70 கிலோ என்றால் 105 கிலோ. 20 லிட்டர் தண்ணீர் கேன் ஐந்தும் கொஞ்சம் மணலும் இருந்தால் ஆயிற்று. நாலு மூலையிலும் பிரித்துக் கட்டுங்கள். அதற்கு முன்பே பீமின் அடிப்பக்கத்துக்கு நேராக ஒரு நூல் கட்டி இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பாரத்தைத் தரையிலிருந்து அரையடி மட்டும் தூக்கி, ஒரு இரவு விடுங்கள். காலையில் செயின் பிளாக் இறங்கியிருக்கிறதா, நூல் இடைவெளி சில மில்லிமீட்டருக்கு மேல் குறைந்திருக்கிறதா, சுவரில் பீம் முனைக்குக் கீழே விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாரத்தை இறக்கியதும் பீம் பழைய இடத்துக்கே வர வேண்டும். எல்லாம் சரியென்றால் பீமில் தாங்கும் எடையையும் தேதியையும் பெயிண்ட்டில் எழுதுங்கள். நாளைக்கு வீட்டில் வேறு யாராவது அதில் மோட்டாரையோ இன்ஜினையோ தொங்கவிட நினைப்பார்கள்.

9. கழற்றித் தூக்கும் நாள்

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சங்கிலி, ஒருவர் சுற்றிப் பார்ப்பவர். சுற்றிப் பார்ப்பவர் "நிறுத்து" என்றால் ஏன் என்று கேட்காமல் நிறுத்த வேண்டும். குழந்தைகளை ஷெட்டுக்குள் விடாதீர்கள். டாப்புக்குக் கீழே தலையை நீட்டி எதையும் எடுக்கவோ கழற்றவோ கூடாது.

முதலில் வயர்கள்: பின் வைப்பர், டீஃபாகர் (பின் கண்ணாடியில் படியும் பனியை நீக்குவது), உள் விளக்கு, வாஷர் தண்ணீர்க் குழாய். ராங்லரில் முன்பக்கக் கூரைப் பலகைகளைத் தனியாக முதலில் கழற்றிவிட வேண்டும். பின்பகுதிக்கு டி 50 டார்க்ஸ் பிட் (ஆறுமுனை நட்சத்திர வடிவ முனை) தேவைப்படும். கழற்றிய போல்ட்களை இடம் எழுதிய டப்பாக்களில் போடுங்கள், எல்லாம் ஒரே நீளம் இல்லை. இரண்டு கதவுகளையும் பின் கதவையும் திறந்து வையுங்கள். கதவுச் சட்டம் ரப்பரைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

அரை அங்குலம் தூக்கி நிறுத்துங்கள். ஒரு சுற்று வாருங்கள். எங்காவது ரப்பர் ஒட்டியிருந்தால் கையால் விடுவியுங்கள், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். விடுபட்ட வயரும் மறந்த போல்ட்டும் இந்த அரை அங்குலத்தில்தான் தெரியும். அப்புறம் தொடர்ந்து தூக்கி, வண்டியை நேராக முன்னால் எடுங்கள். ஸ்டீயரிங்கை ஷெட்டுக்குள் ஒடிக்கவே கூடாது, ரோல் பார் உள்பக்கம் உரசும்.

வண்டி போனதும் டாப்பைத் தலைக்கு மேல் உயரும்வரை தூக்கிவிடுங்கள். இப்போது செயின் பிளாக்கை நம்பி விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஃபிரேமின் முன்பக்கத்திலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் தனித்தனியாக இரண்டு சங்கிலியை பீமைச் சுற்றிப் போட்டு ஷாக்கிளால் பூட்டுங்கள். பிறகு செயின் பிளாக்கைக் கொஞ்சம் இறக்கி, பாரம் அந்தச் சங்கிலிகளில் உட்காரும்படி செய்யுங்கள். செயின் பிளாக் தூக்குவதற்கு மட்டும்தான். மாதக்கணக்கில் பாரத்தைப் பிடித்திருக்க வேண்டியவை இந்தச் சங்கிலிகள்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். பக்கம் திறந்த ஷெட்டில் தொங்கும் டாப் அந்தக் காற்றில் ஆடி ஆடிச் சுவரில் இடிக்கும், ஷாக்கிள் முள்ளும் மெல்லக் கழலும். நாலு மூலையிலிருந்தும் தூணுக்கு பெல்ட் கட்டி அசையாமல் வையுங்கள். ஷாக்கிள் முள்ளை ஒரு கட்டுக்கம்பியால் பூட்டிவிடுங்கள். மேலே துணி மூடினால் அணில் கூடு கட்டும், அதனால் வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

10. திரும்ப மாட்டும்போது

வண்டி ரிவர்ஸில் வந்து நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் பெயிண்ட்டால் குறித்து, பின் சக்கரத்துக்கு ஒரு கட்டை வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டியதில்லை. முதலில் செயின் பிளாக்கை ஏற்றிச் சங்கிலிகளைத் தளர்த்திக் கழற்றுங்கள். ரப்பர் பீடிங்கைத் துடைத்து சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். இன்ஜின் ஆயில் வேண்டாம், ரப்பர் ஊறிப் பெருத்துவிடும். டாப் தொட்டியில் உட்காருவதற்கு ஒரு அங்குலம் இருக்கும்போது நிறுத்தி, ஓட்டைகள் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லா போல்ட்களையும் முதலில் கையாலேயே முறுக்கி ஏற்றிவிட்டு, அப்புறம் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முதலில் முழுதாக இறுக்கினால் மறுபக்க ஓட்டை சேராது, ஃபைபரும் ஓட்டையைச் சுற்றி வெடிக்கும். வயர்களை மாட்டி, வைப்பரும் விளக்கும் ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகு, ஹோஸ் பைப்பால் ஐந்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள். கண்ணாடிச் சட்டத்தின் இரண்டு மேல் மூலைகளையும் உள்ளே உட்கார்ந்து பாருங்கள், ஒழுகினால் பெரும்பாலும் அங்கேதான் ஒழுகும்.